ஆட்டு நோய்களுக்குப் பின்னால்

பல்கலைக்கழகத்துக்குள் நான் முதன்முதலில் நுழைந்தது மப்ளருக்குப் பதிலாக. ஊட்டியில் அந்தப் பல்கலைக்கழக நூலகத்தின் ஹீட்டர் பக்கத்து நாற்காலியில் மப்ளரைப் போட்டுவிட்டு மாமா டீ குடிக்கப் போனால், அதைத் தூக்கி எறிந்துவிட்டு யாராவது உட்கார்ந்துவிடுவார்களாம். எட்டு வயதுப் பையனை எறியக் கொஞ்சம் யோசிப்பார்கள் என்று லீவு நாட்களில் என்னை அழைத்துப் போவார்.

மாமா, அம்மாவின் தம்பி. எங்கள் குன்னூர் குவார்ட்டர்ஸில் தங்கி மண்ணியல் படித்தார். ஏற்கெனவே ஒருமுறை பெயில். இந்தத் தடவையும் போனால் மூட்டை கட்டி ஊருக்கு அனுப்பிவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார்.

"அவன் லைப்ரரியே கதின்னு கெடக்கறானுங்க" என்று அம்மா பரிந்து பேசுவாள்.

பரீட்சைக்கு வேண்டிய புத்தகம் அங்கே ஒரே பிரதி. வீட்டுக்குத் தர மாட்டார்கள். அதனால் மாமா தினமும் கிளம்பும்போது அதை ஆட்டு நோய்ப் புத்தகங்களுக்குப் பின்னால் செருகிவிடுவார். "இந்தப் பக்கம் எவனும் வர மாட்டான் கண்ணு." அந்த மூளையை நினைத்து நான் வியந்துபோவேன்.

பரீட்சைக்கு முந்தைய சனிக்கிழமை, ஓயாத மழைக்குப் பிறகு வெயில் அடித்தது. வெயிலைக் கண்டால் அந்த நூலகத்தில் அலமாரிகளைக் காலி செய்து, பூஞ்சை பிடித்த புத்தகங்களைப் புல்வெளியில் விரித்துக் காயப்போடுவார்கள். நாங்கள் போனபோது ஆட்டு நோய்கள் வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன. மாமாவின் புத்தகமோ அவருடன் படிக்கும் ஓர் அக்காவின் மடியில் இருந்தது.

"எத்தன நாளாத் தேடறனுங்க! ஆட்டுச் சீக்குக்குள்ள கெடந்துச்சாமா."

"யாராச்சும் மாத்தி வெச்சிருப்பாங்க" என்றார் மாமா.

"எங்க மாமாதான் வெச்சாரு! தெனமும் வெப்பாரு!" என்றேன். குடும்பப் பெருமை வேறு யாருக்கோ போவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

அக்கா கோபப்படவில்லை. "அப்பறம் என்னங்க, நீங்க முழுசாப் படிச்சிருப்பீங்க. மூணாவது பாடத்த மட்டும் சொல்லிக் குடுங்க, போதும்."

மூன்றாவது பாடத்தின் பக்கங்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அக்கா ஹேர்பின்னால் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். (இன்று என் வீட்டிலும் பத்திரமாக வைத்த, பிரிக்காத புத்தகங்கள் ஏராளம். ரத்தம் பேசுகிறது.)

திரும்பும்போது மாமா பஸ் ஸ்டாண்டில் ஒரு பொட்டலம் வர்க்கி பிஸ்கட் வாங்கி முழுவதையும் என் கையில் கொடுத்து, "நீ நல்ல பையந்தானே கண்ணு?" என்றார். உண்மை பேசியதற்குப் பரிசு என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டில் அப்பா, "ஏதுடா இத்தன வர்க்கி?" என்று கேட்டார். பரிசு எதற்காகக் கிடைத்தது என்பதை, நாற்காலியிலிருந்து தொடங்கி, ஒன்றும் விடாமல் விளக்கினேன்.