கண்ணாடி மாளிகைக் கதையில் நான் கண்ட குறை

எனக்குப் பத்து வயதானபோது, ஆம்பூரில் எங்கள் தெருவில் எந்த ராஜகுமாரன் தேறுவான், எவன் தேறமாட்டான் என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு என்னிடம் இருந்தது. தெருப் பெண்களில் மிஷன் பள்ளிக்குப் போய்த் தடங்கலில்லாமல் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தோல் பதனிடும் ஷாப்பில் குமாஸ்தாவான அப்பா வேலைக்குப் போனதும் அம்மா, சித்தி, காலா என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு முஸ்லிம் பெரியம்மா எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். மாயக்குதிரை, பேசும் கிளி, காதலில் இளைத்த இளவரசர்கள் என்று மலிவுப் புத்தகங்களை நான் உரக்க வாசிப்பேன்.

முடித்ததும் அபிப்பிராயமும் சொல்வேன். ஆற்றில் மிதந்து வந்த ஒற்றை முடியைப் பார்த்து மயங்கி விழுந்தவன் புலியைப் பார்த்தால் என்ன செய்வான் என்று கேட்டேன். சிரித்த சிரிப்பில் காலாவுக்கு வெற்றிலை புரையேறியது. கடலுக்கடியில் கல்யாணம் நடக்கும் கதை பரவாயில்லை, பாட்டுதான் ஜாஸ்தி என்றேன். சித்தி மட்டும் எந்த ராஜகுமாரனையும் குறை சொல்லமாட்டாள். அவள் புருஷன் ரங்கூனுக்குப் போய்ப் பல வருஷமாகியும் ஒரு தகவலும் இல்லை.

பிறகு கண்ணாடி மாளிகைக் கதை வந்தது. மந்திரவாதி அடைத்துவைத்த ராஜகுமாரி ஏழு வருஷம் அழுதுகொண்டிருக்கிறாள். அது சுத்தப் பேத்தல் என்று நான் சொன்னது தெருவெல்லாம் பரவியது. அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தை ஒருவரும் வாங்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை நாள் என்று ஷாப்புக்கு லீவு. புத்தகக்காரர் தகரப்பெட்டியோடு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். கதையை எழுதியவரும் அவரே, மதராஸில் அச்சடித்துச் சுமந்து விற்பவரும் அவரே. என் பேச்சால் தன் பிழைப்பு கெட்டது என்று அப்பாவிடம் முறையிட்டார். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. மன்னிப்புக் கேட்காவிட்டால் பள்ளிக்கூடமே கிடையாது என்றார்.

ஆனாலும் புத்தகக்காரரிடம் என் கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

"சாவி கிளி கழுத்துல தொங்குது. கிளி அவ கையிலதான் ஒக்காந்திருக்குது. அவ ஏன் தொறந்துகினு வரல?"

"அவளே வந்துட்டா ராஜகுமாரனுக்கு இன்னாம்மா வேலை?"

"அவன் வரட்டும். வெளிய நின்னு பேசட்டும். அதுக்காக இவ உள்ளயே கெடக்கணுமா?"

புத்தகக்காரர் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். சித்தி சொம்போடு வந்தவள், அதை அவரிடம் கொடுக்காமல் என்னையே பார்த்தாள்.

"இன்னொரு தரம் சொல்லு" என்றாள்.

காதில் விழவில்லை போலிருக்கிறது என்று இன்னும் உரக்கச் சொன்னேன். புத்தகக்காரர் தண்ணீரைக் குடித்துவிட்டு, "பாப்பா சொல்றது சரிங்க" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு எழுந்து போனார். அதற்குமேல் அப்பா என்னை என்ன செய்ய முடியும்?

சில மாதம் கழித்துப் புதுப்பதிப்போடு வந்தார். அதில் ராஜகுமாரி தானே கதவைத் திறந்துகொண்டு கடற்கரைவரை நடந்து வந்துவிடுகிறாள். உச்சிவெயில் ஏறுமுன் பெட்டி காலியாகிவிட்டது. காலா பேரணாம்பட்டுச் சொந்தக்காரர்களுக்கும் சேர்த்து வாங்கி, என் வாயில் மக்கன்பேடா இனிப்பைத் திணித்தாள். தெருவில் நான் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

அதே வாரந்தான் சித்தி, யார் தடுத்தும் கேளாமல், வேலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கற்றுக்கொள்ளக் கிளம்பினாள். ஜட்கா வாசலில் நின்றது. என் வெற்றியை அவளும் கேட்டுவிட்டுப் போகட்டுமென்று புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"எனக்கு வேணாம்டி. நான் அன்னிக்கே கேட்டுட்டேன்" என்று கன்னத்தைத் தட்டினாள்.

அச்சு மை வாசனைகூடப் போகாத புத்தகத்தை இவள் எப்போது கேட்டாள்? வீம்புக்குச் சொல்கிறாள் என்று எனக்குக் கோபம். ஜட்கா தெருமுனை திரும்பும்வரைகூட நிற்கவில்லை. உள்ளே போய்க் காலாவுக்கு முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன்.