டப்பாக் கறிக்கு மூடி போட்டவன்

கீழவாசல் பக்கம் ஒரு தகரக் கடை. அதற்குப் பின்னால் டப்பாக் கறி அடைக்கிற கொட்டகை. ஊருக்கு வெளியே மாடி வைத்து ஒரு வீடு. அப்பன் சொத்தென்று ஒரு முழம் கயிறுகூட வராதவன், அஞ்சாம் வகுப்பை முடிக்காதவன், இத்தனையும் கட்டினேன். கடையும் வீடும் நான் கட்டியது என்று ஊர் ஒத்துக்கொள்கிறது. கொட்டகையை மட்டும் என் மச்சினன் உண்டாக்கினான் என்கிறார்கள். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத்து கோணலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

மச்சினன் என் வீட்டுக்காரியின் தம்பி, பட்டாளத்துக்காரன். எழுபதுகளில் ஒரு தடவை லீவில் வந்தவன், வடக்கே பனிமலையில் நிற்கிறவர்களுக்குக் கொடுக்கும் ஆட்டுக்கறி டப்பா ஒன்றைக் கொண்டுவந்தான். எழுமலையில் என் மாமனார் வீட்டில் வைத்துத் திறந்தான். மாமனாரின் அண்ணன் பழைய யுத்தத்தில் பர்மா வரை போய் வந்தவர். வெள்ளைக்காரன் டப்பாவில் கொடுத்தது மாட்டுக்கறி, அதைத் தின்ன மாட்டோமென்று பட்டினி கிடந்தோம் என்று அவர் ஆரம்பித்தார். பெண்கள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்கள். கறி தெருநாய்க்குப் போனது, மச்சினன் கையாலேயே. எல்லாரும் கறியைப் பார்த்தார்கள். நான் தகரத்தைப் பார்த்தேன். காலி டப்பாவைக் கழுவி மடியில் வைத்துக்கொண்டேன்.

"என்ன மச்சான், எச்சி டப்பாவுக்கு இம்புட்டு ஆசையா?" என்றான்.

நானும் இதைச் செய்வேன் என்றேன். சிரித்தான். "நீங்க விளக்கெண்ணெ டப்பா ஒட்டுறவுக மச்சான். இதுக்கெல்லாம் மெசினு வேணும்."

மெசின் இல்லாமல்தான் செய்தேன். முதலில் நெல் அவிக்கிற அண்டாவில் டப்பாவை வேகவைத்தேன். சில நாளில் மூடியெல்லாம் வயிறு ஊதிக்கொண்டு நின்றது. ஒன்று வெடித்து, அந்த நாற்றத்துக்குப் பக்கத்துக் கடைக்காரன் சண்டைக்கே வந்துவிட்டான். வெறும் கொதி போதாது, ஆவியைப் பூட்டி அவிக்கணும் என்று எனக்குப் பட்டது. பழைய இரும்புக் கடையில் ஆஸ்பத்திரிக் கத்தியும் கட்டுத்துணியும் அவிக்கிற பாய்லர் ஒன்று துருவேறிக் கிடந்தது. அதை வாங்கி ஒட்டுப்போட்டேன். மூடியில் ஊசித்துளை விட்டு, சூடாக்கி, காற்று வெளியேறினதும் ஒரு சொட்டு ஈயத்தால் அடைத்து, அப்புறம் பாய்லரில் ஏற்றினேன். எடுத்துவைத்த டப்பா மாதக்கணக்கில் ஊதவில்லை. திறந்து நான்தான் முதலில் தின்றேன். வீட்டுக்காரி வாசலில் நின்று அழுதாள்.

ஆனால் ஒருத்தரும் வாங்கவில்லை. நம்ம ஊர்க் கறிக்கடையில் உரித்துத் தொங்கவிடும்போது வாலை மட்டும் மயிரோடு விட்டிருப்பார்கள். வெள்ளாடா செம்மறியா என்று வாலைப் பார்த்துத்தான் கறி வாங்குவார்கள். என் கடைக்கு வந்த ஒரு அம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வாலு எங்கண்ணே?" என்று கேட்டது. நானும் புத்தி கெட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஆட்டுப் படத்தை அச்சடித்து டப்பாமேல் ஒட்டினேன். அதற்கும் சிரித்தார்கள். உள்ளே மாடு இருக்கிறதால்தான் வெளியே ஆடு போட்டிருக்கான் என்று டீக்கடையில் பேச்சு.

அந்தச் சமயம் அலங்காநல்லூர்ப் பக்கம் வெள்ளாமை பார்க்கிற ஒரு சம்சாரி வீட்டுக் கிடாவெட்டுக்குப் போயிருந்தேன். அவர் மகன் துபாய்க்குப் போய்விட்டான். சாமிக்கு வெட்டின கிடாயில் வீட்டு ஆம்பளை ஒவ்வொருத்தனுக்கும் பங்கு உண்டு. மகன் பங்கை யார் தின்பது என்று தாய்க்காரி கறியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. வால் காட்ட வேண்டாம், கிடாயே அவர்களுடையதாக இருந்தால் போதும்.

அந்த வீட்டு அடுத்த கிடாவெட்டுக்கு டப்பாவும் அடுப்பும் ஈயமுமாக நானே வண்டி ஏறினேன். அவர்கள் கிடாய், அவர்கள் வைத்த குழம்பு. அவர்கள் கண் முன்னால் சுடச்சுட அடைத்து ஈயம் வைத்தேன். டப்பா மாறிப்போகாமல் இருக்க, மூடியில் அவர்களையே ஆணியால் குறி கீறச் சொன்னேன். பிறகு கொட்டகையில் அவித்துக் கொடுத்தேன். துபாய்க்குப் போகிறவன் பெட்டியில் அது போனது. மகன் தின்றான் என்று செய்தி வந்ததும் அந்தத் தாய்க்காரி ஒரு கோழியைப் பிடித்துக்கொண்டு என் கடைக்கே வந்தாள். அதற்கப்புறம் சுற்றுப்பட்டி முழுக்க எனக்கு அழைப்பு.

எண்பதுகளில் மச்சினன் பென்சனோடு வந்தான். இந்தி தெரியும், இங்கிலீஷ் தெரியும். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர்களிடம் பேசி ஆர்டர் கொண்டுவந்தான். அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் கொட்டகைக்குப் பத்து வருசம் ஆனதென்று வியாபாரிகள் கூட்டம் போட்டார்களே, பொன்னாடை அவனுக்குப் போனது. நான் மூன்றாவது வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மைக்கைப் பிடித்து அவன் சொன்னான்: "பட்டாளத்துல பார்த்தேன். நம்ம சனத்துக்குக் கொண்டாந்தேன். எங்க மச்சான் தகரம் ஒட்டிக் குடுத்தாக."

கை தட்டினார்கள். என் வீட்டுக்காரியும் தட்டினாள். தம்பிதானே, விட்டுருங்க என்று இன்றைக்கும் சொல்கிறாள். நான் மடியில் வைத்துக் கொண்டுவந்த அந்த எச்சி டப்பா இப்போது கொட்டகையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அதற்கு மேலே யூனிபாரத்தோடு அவன் படம்.

எனக்குப் பொன்னாடை வேண்டாம், படமும் வேண்டாம். அதே மாதிரி கூட்டம் போட்டு, அதே மைக்கில் என் மச்சினன் சொல்லணும்: கொண்டாந்தவன் நான், நாய்க்குப் போட்டவனும் நான், செஞ்சு காட்டினது எங்க மச்சான் என்று. நான் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போதே சொல்லணும். மாலை போட்ட என் படத்துக்கு முன்னால் நின்று சொன்னால் எனக்குக் கேட்காது.