ரப்பர் மொட்டை

பெர்லினுக்குப் பக்கத்தில் நாங்கள் வசிக்கும் ஊரில், ‘கித்தா’ என்று இவர்கள் சொல்கிற பாலர் பள்ளியில், ஒவ்வொரு பிள்ளைக்கும் சுவரில் ஒரு கொக்கி உண்டு. கொக்கிக்கு மேலே பெயர் இருக்காது, ஒரு படம் இருக்கும். என் மகள் துளசிக்கு நத்தை. போன ஆகஸ்ட் முடிவிலிருந்து நத்தைக் கொக்கி வெறுமையாகவே இருந்தது. மற்ற பிள்ளைகளின் மேல்சட்டைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு தொங்கும். துளசியுடையதை மட்டும் நான் தினமும் காலையில் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, முடிச்சிட்டு, கொக்கிக்குக் கீழே தரையில் வைப்பேன். கம்பளித் தொப்பி அவள் தலையிலேயே இருக்கும். எதிர்ச் சுவரில் ஓர் அறிவிப்புத் தாள். அதில் பெரிதாக ஒரு பேன் படம். அந்தத் தாள் எனக்காக ஒட்டப்பட்டது.

அந்தக் கோடையில் நாங்கள் திருத்தணிக்குப் போயிருந்தோம். துளசிக்கு இரண்டு வயதில் காய்ச்சலோடு வலிப்பு வந்து, ஆம்புலன்ஸில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு போனபோது நான் வேண்டிக்கொண்ட மொட்டை பாக்கி இருந்தது. என் அண்ணன் அரக்கோணத்தில் ரயில்வேயில் வேலை செய்கிறான். விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, தாய்மாமன் முறைக்கு அவளை மடியில் உட்கார்த்திக்கொண்டான். கத்தியைப் பார்த்ததும் அவள் போட்ட கூச்சலில் கூடமே திரும்பிப் பார்த்தது.

“அழுதுகினு எழுந்து போனா பாதி மொட்டையோட நிக்கணும். பாதி மொட்டைய பிளேன்ல ஏத்த மாட்டாங்க, தெரியுமா?” என்றான் அண்ணன்.

“பொய்யி!”

“உங்கம்மாவ கேளு. சரி, நான் ‘கந்தனுக்கு’ன்னு சொல்வேன். நீ ‘அரோகரா’ சொன்னாதான் கத்தி நகரும். இன்னா, சொல்றியா?”

அவள் விக்கிக்கொண்டே சொன்னாள். அவன் “கந்தனுக்கு” என்பதும் அவள் “அரோகரா” என்பதுமாக, ஒவ்வோர் இழுப்பாக முடி விழுந்தது. முடிவதற்குள் பக்கத்தில் மொட்டைக்கு உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத குடும்பங்களும் அவளோடு சேர்ந்து பதில் சொன்னார்கள். எங்கள் ஊரில் ஒருவர் “கந்தனுக்கு” என்றால், கேட்டவர் வாய் சும்மா இருக்க முடியாது. சந்தனம் பூசிய தலையோடு துளசி படி முழுக்கச் சிரித்துக்கொண்டே இறங்கினாள்.

திரும்பி வந்து கித்தாவுக்குப் போன முதல் நாள், வாசலில் ஃப்ராவ் கெர்லாக் நின்றிருந்தார். துளசியோடு படிக்கும் லேனாவின் அம்மா, பெற்றோர் பிரதிநிதி. ‘ஃப்ராவ்’ என்றால் திருமதி. துளசியின் தலையைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “லொய்ஸெ?” என்று கேட்டார். என் காதில் அது “ரைஸெ” என்று விழுந்தது. ரைஸெ என்றால் பயணம். ஊருக்குப் போய்வந்ததால் இப்படியா என்று கேட்கிறார் என நினைத்துக்கொண்டேன். ஒருவர் அக்கறையாகக் கேட்கிறாரே என்ற மகிழ்ச்சியில், தெரிந்த ஜெர்மனையெல்லாம் கூட்டி, “ஆமாம், ஆமாம்! குடும்பத்தில் எல்லோருக்கும். ஒவ்வொரு வருடமும்!” என்றேன்.

லொய்ஸெ என்றால் பேன். மறுநாள் தாளில் படத்தோடு பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆசிரியை துளசியின் தலையைப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். தாளை மட்டும் யாரும் எடுக்கவில்லை. மேல்சட்டையைப் பையில் கட்டி வைக்க வேண்டும் என்று அதில் இருந்த உத்தரவும் போகவில்லை. அடுத்த வாரம் லேனாவின் பிறந்தநாள் அழைப்பு எல்லாக் கொக்கியிலும் தொங்கியது, நத்தையைத் தவிர. “லேனா என்ன மறந்துட்டாளா அம்மா?” என்று துளசி கேட்டாள். ஆமாம் என்றேன். அன்றைக்குத்தான் ஃப்ராவ் கெர்லாக்கை நான் வெறுக்கத் தொடங்கினேன். பாத்திரம் கழுவும்போது, டிராமில் நிற்கும்போது, பிள்ளைக்குக் கதை படிக்கும்போதுகூட வெறுத்தேன்.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். அழுகிற குழந்தையைப் பிடித்து உட்காரவைத்து, கடவுளுக்காகத் தலையை மழித்தோம் என்பதை இவர்கள் மொழியில் எப்படிச் சொல்வது? சொன்னால் குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து கடிதம் வருமோ? ஏற்கெனவே ஒரு ‘ஆமாம்’ சொல்லி அனுபவித்துக்கொண்டிருந்தேன். அதனால் ஒன்றும் சொல்லவில்லை. செப்டம்பர் வெயிலில் பிள்ளைக்குக் கம்பளித் தொப்பியை மாட்டினேன். அதைக் கழற்றக்கூடாது என்று சொல்லியும் வைத்தேன். ஒரு மாதத்தில் அவளாகவே, தூங்கும்போதுகூட, கழற்ற மறுத்தாள். “என் தல அசிங்கமா இருக்கு” என்றாள். அதை ஃப்ராவ் கெர்லாக் கணக்கில் எழுதினேன். அதில் எனக்கும் பங்கு இருக்கிறதோ என்று தோன்றியபோதெல்லாம் அவரை இன்னும் கொஞ்சம் வெறுத்தேன்.

அப்போதுதான் கித்தாவின் இலையுதிர்காலச் சுற்றுலா அறிவிப்பு வந்தது. பெற்றோரும் வரலாம். இடம் சினிமாப் பூங்கா. பேசாத படங்களின் காலத்திலிருந்து இயங்கும் பழைய ஸ்டுடியோ ஒன்று இங்கே இருக்கிறது. அதன் மதிலை ஒட்டி, சினிமா செட்டுகளையே விளையாட்டு இடமாக்கி வைத்திருக்கிறார்கள். நிகழ்ச்சி நிரலை இணையத்தில் படித்தேன். பதினொரு மணிக்கு வண்டிகள் பாயும் சண்டைக் காட்சி. ஒரு மணிக்கு ஒப்பனை மேடை: பார்வையாளர் ஒருவருக்கு எல்லோர் முன்னிலையிலும் மொட்டைத் தலை ஒட்டிக் காட்டப்படும்.

அந்த வரியை நான் நாலு முறை படித்தேன். இரண்டே வாக்கியங்களைத் தயார்செய்தேன். முதலாவது, “ஃப்ராவ் கெர்லாக்குக்கு மிகவும் ஆசை, கூச்சப்படுகிறார்.” இரண்டாவது, அவர் மொட்டையாக நிற்கும்போது எல்லோர் காதிலும் விழும்படி கேட்பதற்கு: “லொய்ஸெ?” முதல் வாக்கியத்தை மொழி வகுப்பு ஆசிரியரிடம் காட்டித் திருத்தி வாங்கினேன். அழகான வாக்கியம் என்று பாராட்டினார்.

என் கணவர் மட்டும், “இன்னும் அதையே புடிச்சிகினு இருக்கியா? வுடு” என்றார்.

“வுட முடியாதுங்க.”

“அந்தம்மா மறந்தே போயிருக்கும்.”

“அதான் ஞாபகப்படுத்தப் போறேன்.”

ஏழாம் வகுப்பில் எங்களைத் திருத்தணியிலிருந்து பேருந்தில் சென்னைக்குக் கூட்டிப்போய் ஒரு ஸ்டுடியோவைக் காட்டினார்கள். காட்டியது வெளிக் கதவை. உள்ளே படப்பிடிப்பு, அனுமதியில்லை என்று காவல்காரர் சொல்லிவிட்டார். கதவின் முன் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம். சுற்றுலா நாளில் போய்ப் பார்த்தால், இங்கேயும் நிஜ ஸ்டுடியோ மதிலுக்கு அந்தப் பக்கம்தான். நமக்குக் காட்டுவது முகப்பு மட்டும் உள்ள தெரு. கடை, வங்கி, வீடு எல்லாம் வர்ணம் அடித்து நிற்கும், பின்னால் போனால் முட்டுக்கட்டைகள்தான். துளசி ஒரு கதவைத் திறந்து பார்த்துவிட்டு, “உள்ள யாரும் இல்லம்மா” என்றாள். மற்ற பிள்ளைகள் கைகோத்து நடந்தார்கள். அவள் கையை நான் பிடித்திருந்தேன்.

ஒரு மணிக்கு ஒப்பனைக் கலைஞர் மேடையேறினார். ஊதா நிறக் கூந்தல். மெல்லிய ரப்பர் உறையை இழுத்துக் காட்டி, யாருக்குத் தைரியம் என்று கேட்டார். நான் எழுந்தேன். முதல் வாக்கியத்தைப் பிசகாமல் சொன்னேன். அத்தனை பேரும் கைதட்டினார்கள். ஃப்ராவ் கெர்லாக் என்னை வியப்போடு பார்த்தார். பிறகு, வேறு வழியில்லாமல், சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தார். அவர் பொன்னிறக் கூந்தல் ஈரமாக ஒட்டப்பட்டு ரப்பருக்குள் மறைந்தது. விளிம்பில் பசை தடவினார்கள். கண்ணாடியைக் கையில் கொடுத்ததும் அவர் சிரிப்பு நின்றது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் வயிற்றுக்குள் ஏதோ குளிர்ந்தது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், அவ்வளவு நன்றாக இருந்தது. முன் வரிசையில் லேனா அழத் தொடங்கினாள். அதையும் பார்த்தேன். பார்த்தும் இரண்டாவது வாக்கியத்துக்கு வாயைத் திறந்தேன்.

அதற்குள் என் கையிலிருந்த கை நழுவிவிட்டது. துளசி மேடைமேல் நின்றிருந்தாள். தொப்பி படியில் கிடந்தது. விரல்நகம் அளவு முடி முளைத்த தலையோடு, ஃப்ராவ் கெர்லாக்கை அண்ணாந்து பார்த்து, ஜெர்மனில், “நீங்களும் திருத்தணிக்குப் போனீங்களா?” என்று கேட்டாள். அவருக்குப் புரியவில்லை. துளசி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. என் பக்கம் திரும்பி, “அம்மா, சந்தனம் பூசலியே, எரியுமே!” என்றாள். ஒப்பனைத் தட்டில் மஞ்சள் வர்ணம் இருந்தது. கை நிறைய எடுத்து, குனிந்து கொடுத்த அந்த ரப்பர் தலையில் பூசினாள். பிறகு தன் மாமன் குரலில் கத்தினாள்.

“கந்தனுக்கு!”

கத்திவிட்டு என்னையே பார்த்தாள். பதில் வராவிட்டால் கத்தி நகராது என்பது அவள் சட்டம். சுற்றிலும் கித்தாவின் அத்தனை பெற்றோரும். ஒரு மாதமாக நான் தொப்பி போட்டு மூடியது முழுவதும் மேடையில் வெளிச்சத்தில் நின்றது. என் வாயில் ‘லொய்ஸெ’ தயாராக இருந்தது. வந்தது வேறு.

“அரோகரா!”

“வேலனுக்கு!”

“அரோகரா!” இந்த முறை பிள்ளைகளும் கத்தினார்கள். ‘அரோஹாரா’ என்றுதான் அவர்களுக்கு வந்தது. லேனா அழுகையை நிறுத்திவிட்டு எல்லோரையும்விட உரக்கச் சொன்னாள். துளசி தொப்பியைத் தேடவில்லை.

மேடையிலிருந்து இறங்கிய ஃப்ராவ் கெர்லாக், மஞ்சள் தலையோடு என்னிடம் வந்து, அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்றார். வேண்டுதலைச் சொன்னேன். ஆம்புலன்ஸைச் சொன்னேன். இலக்கணம் எங்கெங்கோ போனது, கவலைப்படவில்லை. கடைசியில் மெதுவாகச் சொன்னேன்: “லொய்ஸெ இல்லை, ஃப்ராவ் கெர்லாக். ரைஸெ.” அவர் முகம் சிவந்தது. சிவப்பு நெற்றிவரை ஏறி, ரப்பர் விளிம்பில் நின்றுவிட்டது. அதற்கு மேல் மஞ்சள்தான். மன்னிக்க வேண்டும் என்றார். மொழி வகுப்பில் முதல் மாதமே சொல்லித்தருகிற ‘பரவாயில்லை’ எனக்குத் தெரியும். சொல்லவில்லை. தலையை மட்டும் எங்கள் ஊர் வழக்கப்படி ஆட்டினேன். ஆமாமா இல்லையா என்று அவரே யோசிக்கட்டும்.

திங்கட்கிழமை பேன் தாளைக் காணவில்லை. பையைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, மேல்சட்டையை நத்தைக்குக் கீழே மாட்டினேன். மேடைப் படத்தை அண்ணனுக்கு அனுப்பியிருந்தேன். உடனே கூப்பிட்டான்.

“யாருடி அந்தம்மா? மொட்ட இன்னா நெத்தியாண்ட வீங்கிகினு கீது? எந்தக் கம்மனாட்டி அடிச்சது?”

“நான்தாண்ணா அடிச்சேன்” என்றேன்.

அவன் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. பின்னலுக்கு எட்டும் வரை துளசி தலையில் இனிக் கத்தரி படாது. குளிப்பாட்டும்போது விரல்களுக்கிடையில் அந்தக் குட்டை முடி முள்ளு முள்ளாகக் குத்துகிறது. அவள் பிறந்ததிலிருந்து வளர்ந்த முடியெல்லாம் திருத்தணியில் விழுந்துவிட்டது. இப்போது முளைக்கிற ஒவ்வொன்றும் இந்த ஊர்த் தண்ணீரில் முளைத்தது.