பத்து கிராம் சிப்பித்தூள்

இராமநாதபுரத்தில் கல்லூரிக் கடைசி வருடம். ப்ராஜெக்டில் என்னோடு சேர்ந்தவள் மண்டபம் அகதிகள் முகாமிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். கரையில் பொறுக்கிய சிப்பிகளைக் கழுவிக் காயவைத்து, தூளாக இடித்துக் கொண்டுவந்திருந்தாள். அதைச் சுட்டால் எவ்வளவு சுண்ணாம்பு மிஞ்சும் என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை.

சிப்பி முழுக்கக் கால்சியம் கார்பனேட் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. நூறு கிராமைச் சுட்டால் நாற்பத்து நான்கு கிராம் கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். ஐம்பத்தாறு கிராம் சுண்ணாம்பாக மிஞ்சும். பத்து கிராம் வைத்தால் 5.6.

தூளை மின் உலைக்குள் வைத்து, தொள்ளாயிரம் டிகிரிக்குத் திருகிவிட்டு, வேப்பமரத்தடிக்குச் சாப்பிடப் போனோம். சாப்பிட்டதும் கண் செருகியது. இலைகளுக்கிடையே வெயில் தண்ணீரைப்போல அசைந்துகொண்டிருந்தது.

"அந்த வாயு இப்ப எங்க போகும்?" என்று அவள் கண்ணை மூடியபடியே கேட்டாள்.

"காத்துலதான்டி."

"பிறகு கடல்ல கரையும். அதை எடுத்து இன்னொரு சிப்பி தனக்கு ஓடு கட்டும்."

அரைத்தூக்கத்தில், ஆய்வக ஜன்னலிலிருந்து கடல்வரை அந்த வாயு மெல்ல மிதந்து போவதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

திரும்பி வந்தபோது உலை ஆறிக் கிடந்தது. நிறுத்துப் பார்த்தால் 6.3.

"சுட்டுக்கிட்டிருக்கும்போதே பாதியில கரண்டு போயிருச்சும்மா, இப்பத்தான் வந்துச்சு" என்றார் ஆய்வக உதவியாளர்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளோ மேசைமேலேயே சாக்பீஸால் கணக்குப் போட்டாள். எடையில் குறைந்திருப்பது 3.7. அவ்வளவு வாயு போக வேண்டுமென்றால் 8.4 கிராம் சிதைந்திருக்க வேண்டும், மீதி 1.6 கிராம் சிப்பி சிப்பியாகவே இருக்கிறது. ஒரு சிட்டிகை எடுத்து அமிலம் விட்டாள். நுரைத்துப் பொங்கியது.

"பார், முழுசாச் சிதையேல்லை!" அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

புதிதாகப் பத்து கிராம் வைத்தோம். இந்த முறை எழுந்து போகவில்லை. உலைக்கதவின் விளிம்பில் தெரிந்த ஆரஞ்சுக் கோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். ஆறியபின் நிறுத்தோம்: 5.58. அமிலம் விட்டதில் நுரையே இல்லை.

அவளுடைய வழக்கமான பஸ் போய்விட்டது. துணைக்கு நானும் மண்டபம்வரை போனேன். இறங்கும் இடத்தில் அவள் அம்மா காத்து நின்றார்.

"இவ்வளவு நேரமா என்ன பிள்ளையள் செய்தனீங்கள்?"

"சிப்பி சுட்டனாங்கள் அம்மா."

"சாப்பிடவோ?"

எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஏனென்று தெரியாமலே அவரும் சேர்ந்து சிரித்தார். எதிரே இராமநாதபுரம் பஸ் வந்து நின்றது, சிரித்துக்கொண்டே ஏறினேன்.