நூல் இல்லாத நாளுக்கு ஒரு வரி

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணித் தொழிலில் என்னைத் தெரியாது என்கிறவர் வெளியூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். சுற்றுப்பட்டு ஊர்களில் வீட்டில் விசைத்தறி ஓட்டுகிறவர்களுக்கு நூல் கொடுத்துத் துணியாக வாங்குகிறேன். நூல் தயாரா என்று அவர்கள் போனிலேயே பார்க்க வெப்சைட் வைத்தவனும் இந்தப் பக்கத்தில் நான்தான் முதல்.

செய்தது என் தங்கை மகன். எல்லாம் இங்கிலீஷில் இருந்தது. அதைத் தமிழாக்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு பெண் வந்தார். பெரிய கம்பெனிகளுக்கு இதே வேலை செய்கிறவர். போனில் காட்ட, ஒரு கட்டு நூல் தயார் என்றால் ஒரு வரி, பல கட்டுக்கு ஒரு வரி, நூலே இல்லாத நாளுக்குத் தனியாக ஒரு வரி என்று எழுதினார்.

"என்ன தாயி, ஒரு சங்கதிக்கு மூணு பேச்சு? நம்பரை மட்டும் மாத்துனாப் போதாதா?"

"போதாது அண்ணாச்சி. யாருமே வராத விருந்துல, 'சைபர் பேரு வந்திருக்காவ, எலை போடுங்க'ன்னா சொல்லுவிய?"

சிரித்துவிட்டேன். என்னிடம் அப்படிப் பேச என் மேனேஜருக்கே தைரியம் கிடையாது.

எழுதியதை அப்படியே போடவும் விடமாட்டார். வன்னியம்பட்டியில் தறி ஓட்டும் பெண்களிடம் வாசிக்கக் கொடுப்பார். விளங்காத சொல்லை மாற்றுவார். பிறகுதான் கம்ப்யூட்டரில் 'சரி' என்று குறிப்பார். குறிக்காத வரி வெளியே போகாது. "நீங்க வாசிச்சுச் சொல்லாம ஒண்ணும் வராது" என்று அந்தப் பெண்களிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

ஆனி முடியப் போனது. ஆடியில் நான் எதையும் தொடங்கியதில்லை. அப்படித்தான் இந்த உயரத்துக்கு வந்தேன். ஆடி பிறக்குமுன் தமிழை வெளியே விட்டுவிடு என்றேன்.

"கொஞ்சம் வரி இன்னும் அவிய வாசிக்கல மாமா," என்றான் தங்கை மகன். "நூல் இல்லாத நாளுக்குள்ளதும் அதுல கெடக்கு. அது போகலைன்னா, பல கட்டுக்கு எழுதுன வரிதான் அன்னைக்கும் வரும்."

"வரட்டும்லே. ஆவணியில மாத்திக்கிடலாம்."

அந்தப் பெண்ணும் போனில் கெஞ்சினார். "செத்த பொறுங்க அண்ணாச்சி. நான் அவியகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்." ஆடி யாருக்காகப் பொறுக்கும்? தேங்காய் உடைத்து வெளியே விட்டோம்.

ஆடியிலேயே ஒருநாள் மில்லிலிருந்து எனக்கு நூல் வரவில்லை. வன்னியம்பட்டிப் போன்களில், '0 நூல் கட்டுகள் தயார். வந்து எடுத்துச் செல்லவும்' என்று வந்திருக்கிறது. காலை பஸ்ஸிலேயே பெண்கள் என் குடோன் வாசலில் வந்து இறங்கினார்கள்.

"சைபரை யாரு பார்த்தா மொதலாளி? தயார்னு இருந்துச்சு, ஏறி வந்துட்டோம்," என்றாள் முன்னால் நின்றவள். "நாங்க வாசிச்ச பொறவுதான் வரும்னு அந்தப் புள்ள சொல்லிச்சே. எங்கள ஏமாத்திட்டாளே!"

டிபன் வாங்கிக் கொடுத்தேன். நான்தான் அவசரப்படுத்தினேன், அந்தப் பெண் மேல் குற்றமில்லை என்று சொல்லவும் செய்தேன். முன்னால் நின்றவள் சிரித்தாள்.

"என் கை பட்டா ஒண்ணும் தப்பாதுன்னு நீங்கதான எப்பவும் சொல்லுவிய? அவளக் காப்பாத்தப் பேசுதிய, மொதலாளி."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். வேனில் ஏற்றி அனுப்பினேன்.

அந்தப் பெண் அதன் பிறகு வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நானே நேரில் போனேன். நான் அப்படி யார் வீட்டுக்கும் போகிறவன் இல்லை. காபி கொடுத்தார். கோபம் இல்லை. "அந்த வீடுகளுக்கு இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன் அண்ணாச்சி?" என்றார்.

ஆவணியில் விட்டுப்போன வரிகளை எல்லாம் வாசிக்கக் கொடுத்தோம். நூல் இல்லாத நாளுக்கு அவர் எழுதியதில் ஒரு சொல்லையும் யாரும் மாற்றச் சொல்லவில்லை. 'இன்னைக்கு நூல் வரல. அலையாதிய, வந்ததும் சொல்லுதோம்.' நூல் வராத நாளில் இப்போது என் குடோன் வாசலில் ஒரு ஆள் கிடையாது.

வன்னியம்பட்டிப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த வரியை எழுதியது யார் என்று சொல்கிறேன். "நீங்க எழுதுனதுன்னு எங்களுக்குத் தெரியாதா மொதலாளி?" என்கிறார்கள்.