பன்றி உழுத பதினான்காம் கிரீன்

1. காலை ஐந்தேகால்

டோர்ச் வெளிச்சத்தில் அதை முதலில் கண்டது பாக்கியம் அக்காதான். "ராணி, ஓடி வா! பன்னி உழுதுட்டுப் போயிருச்சுடி!" என்று பதினான்காம் கிரீனிலிருந்து கத்தினார். கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன்.

கோல்ஃபில் கிரீன் என்றால் குழியைச் சுற்றியுள்ள புல்தரை. பாய் விரித்த மாதிரி மட்டமாக வெட்டி வைத்திருப்போம். பந்து அதில் உருண்டுதான் குழிக்குள் விழ வேண்டும். அன்று அதில் பாதியைக் காட்டுப்பன்றிகள் புரட்டிப் போட்டிருந்தன. புழு தேடி வந்திருக்கும். அதுகளுக்கு வேறு நாளே கிடைக்கவில்லை. அன்றுதான் புரொபஷனல் டுவர்னமெண்ட் தொடங்கும் நாள்.

கண்டிக்குக் கிழக்கே, நீர்த்தேக்கத்துக்கு மேலே இருக்கிற எங்கள் கோர்ஸில் அந்தப் போட்டி நடப்பது அது இரண்டாவது வருடம். முதல் வருடம் ஒரு கூடாரம், ஒரு கரும்பலகை, வாடகைக்கு எடுத்த கதிரைகள், அவ்வளவுதான். "மலையில வச்சா மழையும் அட்டையும்தான், கொழும்புலயே வைப்போம்" என்று சில பெரிய ஆட்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். இந்த முறை ஏதாவது பிழையாகிப் போனால் போட்டி திரும்பி வராது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கிரீன்களுக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டதும் அந்த வருடம்தான். ஹேவாஹெட்ட பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலை நாற்றுமேடையில் வேலை செய்துவிட்டு வந்தவள் நான். பாக்கியம் அக்காவோடு சேர்த்து என்னிடம் இருந்த ஆறு பெண்களும் தோட்டத்து ஆட்களே. "கொழுந்து பறிச்சவங்களுக்கு கோல்ஃப் என்னா தெரியும்" என்று மெஷின் ஓட்டும் ஆண்கள் முணுமுணுப்பது என் காதில் விழாமல் இல்லை. எனக்குக் கோபம் வந்தால் வேலை வேகமாக நடக்கும்.

2. இரண்டு சேர்மார்

கோர்ஸ் மனேஜர் நவாஸ் சேர் சாரத்தோடு ஓடி வந்தார். பார்த்ததும் "யா அல்லாஹ்" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பின்னால் டுவர்னமெண்ட் டிரெக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் வேலை. காற்சட்டையில் ஒரு மடிப்புக் கலையாத மனிதர்.

"அரைவாசிக் கிரீன் போயிட்டுது. பழுதான இடமெண்டு வெள்ளைக்கோடு கீறி விலக்கிற அளவும் இல்லை. பதினெட்டுக்குப் பதிலாப் பதினேழு குழி விளையாடிப்போட்டு புரொபஷனல் ரவுண்ட் எண்டு நான் எழுத ஏலாது," என்றார்.

"எத்தனை மணிக்கு சேர் இங்க வருவாங்க?" என்று கேட்டேன்.

"ஏழு மணிக்கு ஒண்டாம் டீயிலையும் பத்தாம் டீயிலையும் ஒரே நேரத்திலை தொடங்கிறம். பத்திலை வெளிக்கிடுற ஆக்கள் எட்டு மணிக்கு இஞ்ச நிப்பினம்." டீ என்றால் ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கிற மேடை.

"எல்லாரையும் ஒண்ணுலேருந்தே விடுங்க சேர். பத்து மணி தாண்டித்தான் இங்க வருவாங்க. அதுக்குள்ள நான் போட்டுத் தாறேன்."

அவர் நவாஸ் சேரைப் பார்த்தார். நவாஸ் சேர் எழுந்து சாரத்தில் ஒட்டிய புல்லைத் தட்டினார். "ராணி சொன்னா செய்ற ஆள் சேர். குடுத்துப் பாருங்க."

"ஓம். ஆனா முதல் குழு வரேக்கை பந்து நேரா உருள வேணும். இல்லாட்டி இண்டைய ரவுண்ட் கான்சல். அடுத்த வருசம் இஞ்ச வாறதைப் பற்றி என்னட்டைக் கேக்காதேங்கோ."

3. குதிகால்

ஒவ்வொரு கோர்ஸிலும் இப்படியான ஆபத்துக்கென்று ஒரு துண்டு நிலத்தில் அதே புல்லை வளர்த்து வைத்திருப்பார்கள். அங்கிருந்து புல்லை மண்ணோடு பட்டை பட்டையாக வெட்டி டிராக்டரில் ஏற்றினோம். உழுத இடத்தைச் சமப்படுத்தி, மணல் பரப்பி, பட்டைகளை நெருக்கி வைத்து, ரோலர் ஓட்டினோம். எட்டரைக்கு முடிந்துவிட்டது. பார்க்க அழகாகவே இருந்தது. எனக்குக் கொஞ்சம் மிதப்பும் வந்தது.

நவாஸ் சேர் ஒரு பந்தை எடுத்து உருட்டினார். அது தவளை மாதிரித் துள்ளித் துள்ளிப் போய் ஓரத்தில் நின்றது.

குனிந்து கையால் தடவிப் பார்த்தேன். ஒவ்வொரு பட்டையின் விளிம்பிலும் ஒரு சின்னப் பள்ளம். எங்கள் குதிகால்கள்! தேயிலைக் கன்று நட்டால் பக்கத்து மண்ணைக் குதிகாலால் அமுக்க வேண்டும். கங்காணி வந்து இழுத்துப் பார்ப்பார். கன்று அசைந்தால் ஏச்சுத்தான். ஏழு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லாமலே அப்படி அமுக்கியிருந்தோம். அதிகம் அமுக்கியது நான். வெட்கத்தில் முகம் சுட்டது.

"ரோலரை இன்னும் ரெண்டு தரம் விடுவமா?" என்றார் நவாஸ் சேர்.

"வேணாங்க சேர். அது மேலால மூடும், அடியில அப்படியே இருக்கும். எல்லாத்தையும் கழட்டணும்."

"அடிப்பாவி, இப்பதானே போட்டோம்!" என்றார் பாக்கியம் அக்கா.

"போட்டதும் நாமதான், கழட்டுறதும் நாமதான். ஒருத்தரும் கால் வைக்கக் கூடாது. பலகை போட்டு முட்டி போடுங்க. கையால மட்டும்."

மறுபடி ஒவ்வொரு பட்டையாகத் தூக்கி, அடியில் மணலைச் சலித்துத் தூவி, உள்ளங்கையால் தடவித் தடவி வைத்தோம். முட்டியெல்லாம் தோலுரிந்தது. கடைசியாக ரோலரை ஓட்டிவிட்டுப் பலகைகளை இழுத்துக்கொண்டு நாங்கள் புதருக்குப் பின்னால் போகவும், முதல் குழுவின் பந்து கிரீனில் வந்து விழவும் சரியாக இருந்தது.

4. முதல் பந்து

விழுந்தது எங்கள் பக்கத்தில். குழியோ பன்றி தொடாத மறுபாதியில். ஆகவே பந்து நாங்கள் போட்ட புல் முழுவதையும் கடந்துதான் போக வேண்டும். விளையாடியவர் ஒரு சிங்கள இளைஞர். மெதுவாகத் தட்டினார். பந்து ஒரு துள்ளல் இல்லாமல், ஒரு நெளிவு இல்லாமல் நேராகப் போய், குழியின் ஓரத்தை உரசிக்கொண்டு வெளியே நின்றது.

அவர் தொடையில் ஓங்கி அடித்து, "என் கை சரியில்லை" என்று சிங்களத்தில் தன்னையே ஏசிக்கொண்டார். புல்லைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பாவம், அவருக்கு ஒரு அடி வீணாகிவிட்டது. புதருக்குப் பின்னால் ஏழு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது.

மாலையில் டிரெக்டர் என்னைக் கூப்பிட்டார். "பன்றிக்கு வேலி அடியுங்கோ. அடுத்த வருசத்துக்குத் திகதி குடுக்கிறன்."

கொடுத்தார். நாடு கலங்கியிருந்த ஒரு வருடம் தவிர, நான் ஓய்வு பெறும் வரை போட்டி எங்களிடமே வந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தெரியாத வேலையில் எல்லோரும் கவனமாகத்தான் இருப்பார்கள். பிழை வருவது கைகால் பழகிய வேலையில். வந்துவிட்டால் அதன்மேல் ரோலர் ஓட்டாதீர்கள். நேரம் எத்தனை மணியானாலும் கழற்றுங்கள்.