ஏரல் குடி

இன்று காலை எங்கள் எதிர் வளவில் அத்திவாரம் வெட்டினார்கள். மீன் வாங்கப் போகிற வழியில் நின்று, யாருக்கு வீடு என்று கேட்டேன். குழிக்குள் மண்வெட்டியோடு நின்றவர் நிமிர்ந்து, மாமர நிழலைக் கைகாட்டினார். அங்கே கிளையில் கட்டிய ஏணைச் சேலையில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. முகம் இன்னும் தெளியாத பச்சைக் குழந்தை. “இவவுக்குத்தான்” என்றார். மரியாதையைப் பாருங்கள்! திருநெல்வேலிப் பக்கம் பெண்பிள்ளை பிறந்தால் தகப்பன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இந்த மட்டக்களப்பில் தகப்பன் கல் வாங்கப் போய்விடுகிறார். இருபது வருஷத்துக்கு மேலாகப் பார்த்தும், எனக்கு இதைக் கண்டால் சிரிப்பும் பொறாமையும் சேர்ந்தே வருகின்றன.

நம் ஊர்ப் பக்கம் இதை வாசிக்கிறவர்கள் நான் கதை அளக்கிறேன் என்று நினைக்கக்கூடும். இல்லை. இங்கே வீடு பெண்ணுக்கு. கலியாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருகிறான். பெண் பிறந்த இடத்திலேயே, தன் கிணற்றடியிலேயே, தன் அம்மாவின் குரல் கேட்கிற தூரத்திலேயே கிழவியாகிறாள். நாம் புருஷனை ‘வீட்டுக்காரர்’ என்கிறோமே, அதை இங்கே சொன்னால் எந்த வீட்டுக்கு என்று கேட்பார்கள்.

என் வீட்டுக்காரர் கொத்தனார். மட்டக்களப்புக்கு ரயில் பாதை போட்ட காலத்தில் ஸ்டேஷன் கட்டிடங்களுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு, கைப்பிள்ளை செண்பகத்தையும் தூக்கிக்கொண்டு தூத்துக்குடியில் கப்பல் ஏறினோம். இங்கே கொத்தனார் என்றால் யாருக்கும் விளங்கவில்லை, மேசன் என்றார்கள். பேசுவது தமிழ்தான், ஆனாலும் முதல் ஆறு மாதம் நான் வாயைத் திறக்கவே பயந்தேன். சாப்பாட்டில் மட்டும் ஒரு சந்தோஷம். எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு மறுநாள் விருந்தில் வைப்பார்கள் சொதி. வருஷத்தில் ஒரு நாள் கிடைத்தால் அதிர்ஷ்டம். இங்கே அதைப் பிட்டுக்கு மேல் தினமும் ஊற்றுகிறார்கள். தினமும் மறுவீடு சாப்பிடுகிற ஊருக்கு வந்துவிட்டோம் என்று அவர் கேலி செய்வார்.

கல்லடிப் பக்கம் ஒரு தென்னோலைக் கிடுகு வீட்டில் வாடகைக்கு இருந்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் கனகம்மை இருந்தாள். என் வயதுதான், ஒரே மகன், நல்லதம்பி. வந்த வருஷமே அம்மன் கோயில் சடங்குக்கு என்னை அழைத்துப் போனாள். அந்தக் கோயிலில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு நாள் பூசை உண்டு. குடி என்றால் நம் ஊரில் வகையறா என்போமே, அந்த மாதிரி. “நீங்க என்ன குடி?” என்று அவள் கேட்டபோது நான் நல்ல பிள்ளையாக, கலியாணமான பெண் எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படி, அவருடைய அப்பா வழிக் குலதெய்வத்தைச் சொல்லி, அந்தக் கோயில் வகையறா என்றேன். சுற்றி இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“தகப்பன்ட குடிய வச்சி என்னகா செய்யிற? அது அவரோட போயிரும். உங்கட அம்மா என்ன குடி?” என்றாள் கனகம்மை.

என் அம்மாவை அதுவரை யாரும் எதற்கும் கேட்டதில்லை. எங்கள் அப்பா வீட்டில் அவளுக்குப் பெயர்கூடக் கிடையாது. ஏரலிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள் என்பதால் ஏரல்காரி. குழம்பில் உப்புக் கூடினால் ‘ஏரல்காரி கைப்பக்குவம்’ என்பார்கள். வாசலில் கோலம் கோணினால் ‘ஏரல்காரிக்கு என்ன தெரியும்’ என்பார்கள். அந்த வீட்டில் பேரப்பிள்ளை எடுத்த பிறகும் அவள் ஏரல்காரிதான், வேற்றாள்தான். எனக்கு வேறு பதில் தெரியவில்லை. “எங்க அம்மை ஏரல்காரி” என்றேன். கனகம்மை தலையை ஆட்டி, “காணும்” என்று சொல்லிவிட்டு என் கையில் வெற்றிலைத் தட்டைக் கொடுத்தாள். அது போதும் என்ற அர்த்தம் எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது.

ரயில் வேலை முடிந்தும் நாங்கள் போகவில்லை. பெண்பிள்ளை பிறக்கப் பிறக்க இந்த ஊரில் மேசனுக்கு வேலை ஓயாது. ஊரான் பெண்களுக்கெல்லாம் கட்டி முடித்த மிச்சப் பொழுதுகளில், கனகம்மையின் வேலியை ஒட்டியே ஒரு துண்டு வளவு வாங்கி எங்களுக்கும் ஓர் ஓட்டு வீடு கட்டினார். இரண்டு அறை, ஒரு விறாந்தை. சுவரைக் கையால் தடவினால் வழுக்கும், அப்படிப் பூசியிருந்தார். யாரையும் கேட்காமல் பானை எடுக்க எனக்கென்று வாய்த்த முதல் சொந்த அடுப்படி அதுதான். ஆனால் அவர் ஒரு நாளும் அதை வீடு என்று சொன்னதில்லை. ஊரில் அண்ணன் வீட்டை ‘நம்ம வீடு’ என்பார். இதை ‘இந்தக் கட்டடம்’ என்பார்.

யுத்த காலத்தில் குண்டு விழும் என்று ஊரே பயந்து கிடந்தது. யுத்தம் முடிந்ததும், அவருக்கு ஊர் ஆசை காய்ச்சல் மாதிரி ஏறிவிட்டது. அவருடைய தங்கை மகன் ஒருவன் முறைமாப்பிள்ளையாக வளர்ந்து நின்றான். செண்பகத்தை அங்கே கொண்டுபோய்க் கட்டிக் கொடுத்துவிட்டு, நாமும் அண்ணன் வீட்டோடு ஒடுங்கிவிடலாம் என்றார். “ஏளா, கட்டையில போறதாவது நம்ம மண்ணுல போவோம்.” வீட்டை வாங்க ஓட்டமாவடி வியாபாரி ஒருவரையும் பேசி வைத்துவிட்டார். நான் மறுத்துப் பேசிப் பழகாதவள். சரி என்றும் சொல்லவில்லை, பாத்திரத்தை மட்டும் கொஞ்சம் சத்தமாகக் கழுவினேன்.

என் மனசில் இருந்தது நல்லதம்பி. கச்சேரியில், அதாவது அரசாங்க ஆபீஸில், பியூன் வேலை, வாய் அதிராத பிள்ளை. செண்பகத்துக்கும் அவன்மேல் பிரியம் என்று எனக்குத் தெரியும். அவன் சைக்கிள் மணி கேட்டால் அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போவாள். குடத்தில் தண்ணீர் நிறைந்தே இருக்கும். கனகம்மை ஒரு வார்த்தை பெண் கேட்டு வந்தால் அவரிடம் பேச எனக்குத் தைரியம் வரும் என்று காத்திருந்தேன். அவள் வந்தாள், தயிர் கொண்டு வந்தாள், முருங்கைக்காய் கொண்டு வந்தாள், எதிரே உட்கார்ந்து ஊர்க்கதை பேசினாள், போனாள். பெண் கேட்கவில்லை. இந்தியாக்காரி மகள் என்று இளப்பம் போலிருக்கிறது என்று எனக்குள் புகைந்தது. அவளுக்கும் முகம் மாறிக்கொண்டே வந்தது. கடைசியில் தயிரும் நின்றது.

வியாபாரி வளவை அளந்து பார்த்துவிட்டுப் போன அன்று சாயந்திரம் அவள் வேலியோரம் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

“பேச்சி, போறத்துக்கு முன்ன ஒண்டு சொல்லிட்டுப் போ. எண்ட மகன்ல என்ன குறையக் கண்ட நீ?”

எனக்குச் சுரீரென்றது. “நான் என்ன குறை கண்டேன்? நீதான பொண்ணு கேட்டு வரல” என்றேன்.

“நானா? பொம்புளப் பகுதிதானேகா மாப்பிள்ள கேட்டு வாறது! எண்ட மகனத் தூக்கிட்டு வந்து நான் உண்ட வாசல்ல நிண்டா ஊர் சிரிக்காதா?”

எங்கள் ஊரில் பெண்ணைப் பெற்றவள் தானாகப் போய்க் கேட்டால் பெண்ணுக்கு ஏதோ குறை என்று பேசுவார்கள் என்று சொன்னேன். அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். இரண்டு வருஷம்! அவள் என் காலடிச் சத்தத்துக்கும் நான் அவள் காலடிச் சத்தத்துக்கும் காது கொடுத்துக்கொண்டு, நடுவில் ஒரு வேலியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இங்கே மாப்பிள்ளை கேட்டுப் போவதென்றால் கையில் ஒரு வீடு வேண்டும். என் மகள் வீட்டைத்தான் விற்கப் பேசியாயிற்றே.

அன்றைக்கு அவர் சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னேன். அத்தனை வருஷத்தில் அவரிடம் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

“உங்க தங்கச்சி வீட்டுக்கு அவ போனா, எந்தப் பானைய எடுக்கலாம்னு கேட்டுக் கேட்டுத்தான் எடுக்கணும். எங்க அம்மை அப்படித்தான் எடுத்தா. நானும் உங்க வீட்டுல அப்படித்தான் எடுத்தேன். இங்க அவளுக்குன்னு ஒரு அடுப்பு இருக்கு. ஊருல உள்ள பொண்ணுக்கெல்லாம் கட்டிக் குடுத்தீங்க. அவளுக்குக் கட்டினத விக்காதீங்க.”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். உள்ளே செண்பகம் கதவோரத்தில் வந்து நின்றாள். கை கழுவி எழுந்து விறாந்தைச் சுவரோரம் போய் நின்றவர், தான் பூசிய சுவரைத் தானே தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

மறுநாள் காலையில் வளவின் பின்பக்கம் நூல் பிடித்துக்கொண்டிருந்தார். நாலு மூலையிலும் முளை அடித்திருந்தார். என்ன செய்கிறீர்கள் என்றேன். திரும்பாமலே, “உனக்கு ஒரு குசினி” என்றார். அதுவரை அவர் அடுப்படி என்றுதான் சொல்வார். இந்த ஊர்ச் சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு உடனே ஓடவில்லை. வேலிக்கு மேலே எட்டிப் பார்த்த கனகம்மைக்குத்தான் முதலில் விளங்கியது. இங்கே தாய் தகப்பன் வளவின் பின்னால் தங்களுக்கு ஒரு சிறிய கொட்டில் போடத் தொடங்கினால், முன்வீட்டை மகளுக்கு விடப்போகிறார்கள் என்று அர்த்தம். அவள் உள்ளே போய் ஒரு சட்டி தயிரோடு திரும்பி வந்தாள்.

மாப்பிள்ளை கேட்டுப் போனோம். எனக்குக் கால் கூசியது. தட்டைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டார் நடப்பதா என்று அவர் வழியெல்லாம் முணுமுணுத்தார். கனகம்மையின் அண்ணன் எங்களை உட்காரவைத்து, வெற்றிலை கொடுத்து, பெண் என்ன குடி என்று கேட்டார். ஒரே குடிக்குள் இங்கே கட்டமாட்டார்கள். அதனால் கேட்டே ஆகவேண்டும். குடி தெரியாத பெண்ணை எந்த வரிசையில் வைப்பது? என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் அப்பா வழியைச் சொல்ல ஆயத்தமானார். நான் அவர் முழங்கையை இடித்தேன். அதற்குள் உள்ளறையிலிருந்து கனகம்மையின் குரல் வந்தது.

“அவ ஏரல் குடி, அண்ணன்.”

பெரியவர் யோசித்தார். “கேள்விப்படாத குடி. எங்கட குடி இல்ல. மறுகா என்ன, செய்யலாம்” என்றார்.

திரும்பி வருகையில் அவர் எனக்கு முன்னால் நடந்தார். வீட்டு வாசலில் நின்று, “செங்கல் அடுக்கினது நான். பிள்ளை என் பிள்ளை. பேரு உங்க அம்மைக்கு” என்றார். கோபமாகச் சொன்னாரா, கேலியாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. அவர் பக்கமும் நியாயம் உண்டு என்று எனக்குப் பட்டது. அந்த ஊரில் நான் வந்தவள், இந்த ஊரில் அவர் வந்தவர். நல்லதம்பி ஒரு தகரப் பெட்டியோடு எங்கள் வளவுக்குள் நுழைந்த அன்று, எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்துக்கொண்டு நின்றான். அவர்தான் எழுந்து போய்ப் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். அன்றிலிருந்து சாயந்திரங்களில் மாமனும் மருமகனும் ஒன்றாகவே உட்கார்ந்திருப்பார்கள், இரண்டு விருந்தாளிகள் மாதிரி.

நாங்கள் குசினி வீட்டுக்கு மாறினோம். வீட்டு உறுதி, நம் ஊரில் பத்திரம் என்போமே, அது செண்பகத்தின் பெயரில் எழுதியாயிற்று. எனக்கென்று ஒரு வீடு கிடைத்து, அதிலிருந்தும் நானே வெளியே வந்துவிட்டேன். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். மழை நாளில் முன்வீட்டுச் சுவரைப் போய்த் தடவிப் பார்த்துவிட்டு வருவேன். இப்போது புதிதாகச் சட்டம் வந்திருக்கிறதாம். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் எந்த நாட்டார் என்று ஆதாரம் காட்டவேண்டுமாம். அவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, “நாம எந்த ஊரு ஏளா?” என்று கேட்டார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

போன வாரம் அம்மன் சடங்குக்குப் பேத்தியைக் கூட்டிப் போனேன். கூட்டத்தில் ஒரு கிழவி அவள் கன்னத்தைத் தொட்டு, யாருடைய பிள்ளை, என்ன குடி என்று கேட்டாள். இந்தச் சின்னது, கடல் கடந்து வந்த குடும்பமே இல்லை என்பது மாதிரி நிமிர்ந்து நின்று, “ஏரல் குடி” என்றது. கிழவி ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனாள், காலங்காலமாகக் கேட்டுப் பழகிய பெயரைக் கேட்டதுபோல. எங்கள் அம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியவில்லை. நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

வாவிக் கரை வழியாகத் திரும்பி வந்தோம். இங்கே வாவியை ஆறு என்றுதான் சொல்வார்கள். வெயில் தணிந்திருந்தது. அக்கரையில் தென்னைகளுக்கு நடுவே யாரோ அடுப்பு மூட்டிய புகை எழும்பிக்கொண்டிருந்தது.

“அம்மம்மா, ஏரல் எங்க இரிக்கி? ஆத்துக்கு அங்காலயா?”

ஏரலும் ஆற்றங்கரை ஊர்தான். சின்ன வயதில் அம்மாவோடு போயிருக்கிறேன். படித்துறையைத் தவிர வேறொன்றும் நினைவில்லை. அம்மா அந்தப் படித்துறையில் உட்கார்ந்து, திரும்பிப் போக மனசில்லாமல் காலைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டே இருந்தாள்.

“ஓம் மகள், அங்காலதான்” என்றேன்.

அவள் அந்தப் புகையைப் பார்த்துக் கையை அசைத்தாள். யாராவது பதிலுக்கு அசைக்கிறார்களா என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் கையையும் பிடித்துத் தூக்கி அசைத்தாள்.